அந்த மேசையில் நாம் இல்லை: அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சியாட்டிலில் 2023 ஜனவரி 23 இரவு ஜானவி கந்துலா என்கிற 23 வயது மாணவி சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பாதசாரிகள் கடக்கும் கோட்டில்தான் நடந்தார். மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக் கூடாத அந்தத் தெருவில், 74 மைல் வரை வேகமெடுத்து வந்த போலீஸ் கார் மோதி அவர் இறந்தார். ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்திலிருந்து முதுகலை படிக்க வந்த பெண் அவர்.

அந்த வருடம் செப்டம்பரில் ஒரு வீடியோ வெளியே வந்தது. விபத்து நடந்த இடத்துக்கு அனுப்பப்பட்ட ஓர் அதிகாரி தன் காரில் உட்கார்ந்து போனில் பேசுகிறார். சட்டையில் மாட்டியிருந்த கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிக்கிறார். 11,000 டாலருக்கு ஒரு செக் எழுதிவிட்டால் போதும், அந்தப் பெண்ணுக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை என்கிற தொனியில் பேசுகிறார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு நாம் கொதித்தோம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் பல நாள் அதே பேச்சு. ஆனால் அந்தச் செய்தியில் இன்னொரு விவரம் இருந்தது. அது நம் காதில் சரியாக விழவில்லை. பேசியவர் டேனியல் ஆடரர், சியாட்டில் காவலர் சங்கத்தின் துணைத் தலைவர். மறுமுனையில் இருந்தவர் அதே சங்கத்தின் தலைவர். நகரத்தின் வக்கீல்கள் ஓர் உயிருக்கு இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்று கிண்டல் செய்தேன், அவ்வளவுதான் என்று ஆடரர் பின்னால் விளக்கம் கொடுத்தார். 2024 ஜூலையில் அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். காரை ஓட்டியவரின் வேலை போனது 2025 ஜனவரியில். ஜானவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்த மடல் அந்த விவரத்தைப் பற்றியது. இந்த நாட்டில் ஒரு காவலர்மேல் புகார் வந்தால், அவரை எத்தனை நாளுக்குள் விசாரிக்க வேண்டும், என்னென்ன கேட்கலாம், பழைய புகார்களை எடுத்துப் பார்க்கலாமா, வேலையைவிட்டு அனுப்பினால் அந்த முடிவை யார் மாற்றலாம் என்பதையெல்லாம் சட்டப் புத்தகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நகர நிர்வாகமும் காவலர் சங்கமும் சில வருடங்களுக்கு ஒருமுறை மூடிய அறையில் உட்கார்ந்து பேசி எழுதுகிற தொழிலாளர் ஒப்பந்தமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மேசையின் ஒரு பக்கம் சங்கத் தலைவர்கள், இன்னொரு பக்கம் நகரத்தின் அதிகாரிகள். அந்த மேசையில் நாம் இல்லை. வாசலிலாவது நாம் நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கங்களுக்கு எதிரி இல்லை. என் அப்பா சங்கக்காரர். பஸ் டிப்போவில் வேலை. வேலைநிறுத்தம் என்றால் வீட்டில் இரண்டு மாதம் சம்பளம் வராது. அம்மா வாய் திறந்து குறை சொன்னதில்லை. ஒரு மேலதிகாரி நினைத்தால் ஒரு தொழிலாளியின் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்த முடியும் என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரத்துக்கு முன்னால் தனி ஆள் செல்லாக்காசு. அதனால்தான் சங்கம் வேண்டும். காவலருக்கும் வேண்டும்.

இந்த நாட்டில் காவலர்கள் சங்கம் கேட்டபோது நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். 1919ல் பாஸ்டன் காவலர்கள் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தார்கள். சீருடையைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். எலி ஓடும் காவல் நிலையங்களில் படுத்தார்கள். தேசியத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று 1,100க்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் கலவரமும் கொள்ளையும் நடந்து உயிர்கள் போயின. பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய யாருக்கும், எங்கும், எப்போதும் உரிமை கிடையாது என்றார் ஆளுநர் கால்வின் கூலிட்ஜ். வேலைநிறுத்தம் செய்த ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. கூலிட்ஜ் நான்கே வருடத்தில் நாட்டின் அதிபரானார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குக் காவலர் சங்கங்களால் தலையெடுக்க முடியவில்லை. 1959ல் விஸ்கான்சின் மாநிலம் உள்ளாட்சி ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை, அதாவது சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசும் உரிமை, தந்த பிறகுதான் மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வழிவிட்டன. காவலர்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, பேச்சுவார்த்தை முறிந்தால் நடுவர் முடிவு சொல்வார் என்ற ஏற்பாடு பல மாநிலங்களில் வந்தது.

சரி, இதில் என்ன தவறு? அந்த மேசையில் சம்பளம், விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியத்தோடு இன்னொன்றும் ஏறிக்கொண்டது. அதுதான் தவறு.

ஒரு சாதாரண ஆலையை நினைத்துப் பாருங்கள். சங்கம் பேரத்தில் ஜெயித்தால் அது முதலாளியின் லாபத்திலிருந்து வருகிறது. பேசுகிறவர்கள் இரண்டு பேர், கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அந்த இரண்டு பேர்தான். காவல் துறையில் அப்படி இல்லை. அந்த வருடம் நகரத்தின் கையில் பணம் இல்லை என்று வையுங்கள். சங்கம் கேட்கிற உயர்வைக் கொடுக்க முடியாது. மேயருக்குத் தேர்தல் வருகிறது, சங்கத்தின் ஆதரவும் வேண்டும். அப்போது கொடுப்பதற்கு, பட்ஜெட்டில் ஒரு காசுகூடக் காட்டாத ஒரு பொருள் அவர் கையில் இருக்கிறது: விசாரணை விதிகள். துப்பாக்கி சுட்ட காவலரை உடனே விசாரிக்காமல் அவகாசம் கொடுப்பது, பெயர் சொல்லாத புகாரை ஏற்காமல் விடுவது, ஐந்து வருடத்துக்கு முந்தைய புகார்களை அழித்துவிடுவது. நகரத்துக்குச் செலவு மிச்சம், சங்கத்துக்கு வெற்றி. போவது மூன்றாவது ஆளின் நியாயம். அந்த ஆள் அறையில் இல்லவே இல்லை. எப்போதோ ஒரு நாள் ஏதோ ஒரு தெருவில் நிறுத்தப்படப் போகிறவர் அவர். தன் உரிமை போன வருடமே கைமாறிவிட்டது என்று அவருக்குத் தெரியாது.

இது என் கற்பனை இல்லை. ஸ்டீபன் ரஷின் என்ற சட்டப் பேராசிரியர் 178 நகரங்களின் காவலர் ஒப்பந்தங்களைப் படித்து 2017ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவற்றில் 156 ஒப்பந்தங்களில், நியாயமான ஒழுங்கு நடவடிக்கையைக்கூடத் தடுக்கக்கூடிய விதி குறைந்தது ஒன்றாவது இருந்தது. சிகாகோ ஒப்பந்தத்தில் பழைய புகார் ஆவணங்களை அழிக்க வேண்டும் என்றே ஒரு பிரிவு. நகரத்தின் கையைக் கட்டியிருந்த அந்தப் பிரிவு செல்லாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில்தான் சொன்னது. அதே சிகாகோவில் 2014ல் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையன் 16 குண்டுகள் பட்டு இறந்தான். அவன் கத்தியோடு பாய்ந்தான் என்று அன்று இரவு ஊடகங்களிடம் சொன்னது சங்கத்தின் செய்தித் தொடர்பாளர். பையன் விலகித்தான் நடந்தான் என்று காட்டிய வீடியோ 13 மாதம் கழித்து நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகே வெளியே வந்தது. அதன்பின் மேயர் அமைத்த குழு 2016ல் அறிக்கை கொடுத்தது. காவலர்களிடையே இருக்கிற 'காட்டிக்கொடுக்காதே' என்ற மௌனத்தை இந்த ஒப்பந்தங்கள் அதிகாரபூர்வக் கொள்கையாகவே ஆக்கிவிட்டன என்று அந்தக் குழு எழுதியது. ஒரு நகரம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது இது.

இன்னொன்று சொல்கிறேன், படிக்கவே கஷ்டமாக இருக்கும். சான் அன்டோனியோவில் 2016ல் ஒரு காவலர், வீடில்லாத ஒருவருக்கு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மலத்தை வைத்துக் கொடுத்தார் என்று வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவர் மேல்முறையீடு செய்தார். சம்பவம் நடந்து 180 நாளுக்குள் தண்டித்தாக வேண்டும் என்று ஒரு விதி. சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்று நகரத்தால் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. 2019ல் நடுவர் அந்த வேலைநீக்கத்தை ரத்து செய்தார். செய்தாரா இல்லையா என்ற கேள்வியைவிடக் காலண்டர் பெரிதாகிவிட்டது. கழிப்பறையில் செய்த வேறொரு அசிங்கத்துக்காக அவர்மேல் இரண்டாவது வேலைநீக்கமும் இருந்தது. அது நிலைத்ததால்தான் அவர் திரும்ப வரவில்லை.

நடுவர் என்றேன் இல்லையா, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காவல் தலைவர் ஒருவரை வேலைநீக்கம் செய்கிறார். சங்கம் மேல்முறையீடு செய்கிறது. வெளியிலிருந்து ஒரு நடுவர் வருகிறார். அந்த நடுவரைத் தேர்ந்தெடுப்பதில் பல ஊர்களில் சங்கத்துக்கும் பங்கு உண்டு. ஒரு தரப்புக்குத் தொடர்ந்து பாதகமாகத் தீர்ப்பு சொல்கிறவரை அடுத்த முறை அந்தத் தரப்பு கூப்பிடாது. ஆகவே தண்டனையைப் பாதியாகக் குறைத்து இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தும் பழக்கம் வந்துவிடுகிறது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2017ல் நாட்டின் பெரிய காவல் துறைகளிடம் கணக்கு கேட்டு வாங்கியது. 2006லிருந்து தவறான நடத்தைக்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட 1,881 பேரில் 451 பேர் மேல்முறையீட்டில் திரும்ப வந்திருந்தார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். இவர்களை வேண்டாம் என்று சொன்னது புகார் கொடுத்தவர் இல்லை, பத்திரிகை இல்லை. அவர்களுடைய சொந்தக் காவல் தலைவர்.

சியாட்டிலிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2014ல் கைவிலங்கு போட்டு காரின் பின்சீட்டில் உட்கார வைத்திருந்த ஒரு பெண்ணை ஒரு காவலர் முகத்தில் குத்தினார். கண்ணைச் சுற்றிய எலும்பு உடைந்தது. அந்தப் பெண் முதலில் காலால் உதைத்தார், உண்மைதான். இருந்தாலும் விலங்கிட்ட ஆளைக் குத்துவதா என்று காவல் தலைவர் 2016ல் அவரை வேலைநீக்கம் செய்தார். 2018ல் நடுவர் அதை 15 நாள் இடைநீக்கமாகக் குறைத்து, வேலையில் சேர்க்கச் சொன்னார். நகரம் விடவில்லை, நீதிமன்றம் போனது. 2021ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலைநீக்கமே சரி என்றது. ஒரு குத்துக்கு ஏழு வருடம்.

பேர உரிமையும் வன்முறையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையா என்று கேட்பீர்கள். ஃபுளோரிடாவில் 2003ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, அதுவரை அந்த உரிமை இல்லாத ஷெரிஃப் அலுவலகக் காவலர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை கொடுத்தது. நகரக் காவலர்களுக்கு அது ஏற்கெனவே இருந்தது. ஆகவே இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஷெரிஃப் அலுவலகங்களில் வன்முறை சார்ந்த தவறுகள் சுமார் 40 சதவீதம் கூடியிருந்தன. ஒரே மாநிலத்து ஆய்வு, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் நம் நகர மன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்க இது போதும்.

மறுதரப்பையும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. காவலர்மேல் பொய்ப் புகார் வரும். காவல் தலைவருக்குப் பிடிக்காதவர் என்று பழிவாங்கப்படுபவர்களும் உண்டு. பஃபலோ நகரில் கேரியல் ஹோர்ன் என்ற பெண் காவலர் 2006ல், கைதானவரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சக காவலரைத் தடுத்தார். 2008ல் அவரைத்தான் வேலைநீக்கம் செய்தார்கள். 19 வருட வேலை, ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. 2021ல்தான் நீதிமன்றம் அவருக்கு நியாயம் செய்தது. நேர்மையான காவலருக்கும் முறையான விசாரணை வேண்டும், வக்கீல் வேண்டும், மேல்முறையீடு வேண்டும் என்பதை ஹோர்னின் கதையைவிட அழுத்தமாக யாரும் சொல்ல முடியாது. தன் வாக்குமூலமே தனக்கு எதிரான குற்ற வழக்கில் சாட்சியாகாமல் இருக்க வேண்டும் என்று 1967ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காவலர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பும் இருக்கட்டும். அது நியாயமானது. வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கும் வாக்குமூலத்தை வைத்து யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது.

சங்கத்தையே ஒழித்துவிட்டால் போதுமா? போதாது. அலபாமாவின் மேடிசன் நகரை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 பிப்ரவரி 6 அன்று சுரேஷ்பாய் படேல், 57 வயது, பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்தவர், மகன் வீட்டுப் பக்கம் காலையில் நடந்துகொண்டிருந்தார். யாரோ சந்தேகத்துக்குரிய ஆள் என்று போன் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லப் பார்த்தார். தரையில் வீசப்பட்டார். கழுத்தில் அடிபட்டு உடல் பகுதியளவு செயலிழந்தது. நம் வீடுகளுக்கு வருகிற அப்பா அம்மாக்களும் இப்படித்தான் காலையில் நடக்கப் போகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய நகரங்களில் இருப்பதைப் போன்ற பலம் படைத்த காவலர் ஒப்பந்தம் ஏதும் அங்கே இல்லை. இரண்டு முறை ஜூரிகள் முடிவெடுக்க முடியாமல் கலைந்தார்கள், மூன்றாவதாக நீதிபதியே அந்தக் காவலரை விடுவித்தார். அவர் வேலைக்கும் திரும்பினார். பிறந்த நாட்டைப் பார்த்தாலும் அதே பாடம்தான். இந்தியாவில் காவலர்கள் தொழிற்சங்கம் வைக்க 1966ன் சட்டம் கிட்டத்தட்ட விடுவதே இல்லை. மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்த அடுத்த மாதமே, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்ததை அது தடுக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம், ஆனால் அசையாத விஷயம். காவலரின் சம்பளத்தைப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். வேலை நேரம், விடுப்பு, காயம்பட்டால் சிகிச்சை, மனநல உதவி எல்லாம் பேசுங்கள். புகாரை எப்படி விசாரிப்பது, யார் கண்காணிப்பது, ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை மட்டும் அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றைத் திறந்த மன்றத்தில், எல்லோரும் கேட்கும்படி, சட்டமாக எழுதுங்கள். காவலர்களும் வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லட்டும்.

இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். தலைநகர் வாஷிங்டன் 2020ல் சட்டம் போட்டது: காவலர்மீதான ஒழுங்கு நடவடிக்கை இனிப் பேரத்துக்கு உரியதல்ல. சங்கம் வழக்குப் போட்டது, 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. 2023ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்யத் தீர்மானம் போட்டது, அதிபர் பைடன் அதைத் தன் அதிகாரத்தால் தடுத்தார். மேரிலாந்து, காவலர்களுக்கென்று தனி விசாரணை உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலம். அதே மேரிலாந்து 2021ல், ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி, அதை ரத்து செய்தது. மினியாபொலிஸின் காவல் தலைவர் மெடாரியா ஆராடொண்டோ, ஃப்ளாய்ட் இறந்து சரியாக 16 நாளில் சங்கத்துடனான பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார். இது சம்பளத்தையோ சலுகைகளையோ பற்றியது இல்லை, பலப்பிரயோகத்தையும் மேல்முறையீட்டையும் நடுவர் முறையையும் பற்றியது என்று அவரே பிரித்துச் சொன்னார். அந்தத் துறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த மனிதர் சொன்னது அது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்டினில் நடந்ததுதான். 2017 டிசம்பரில் நகர மன்றத்தின் முன் புதிய காவலர் ஒப்பந்தம் வந்தது. எல்லா ஊரிலும் போலக் கை தூக்கி நிறைவேற்றிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அன்று மக்கள் வந்திருந்தார்கள். ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நள்ளிரவு நெருங்கும்வரை ஒருவர்பின் ஒருவராக மைக் முன் நின்று பேசினார்கள். 180 நாள் விதியைச் சொன்னார்கள், கண்காணிப்பு அலுவலகத்துக்குப் பல் இல்லை என்றார்கள். மன்றம் ஒருமனதாக ஒப்பந்தத்தை நிராகரித்தது. அடுத்த நவம்பரில் வந்த ஒப்பந்தத்தில் பலம் கூடிய கண்காணிப்பு அலுவலகம் இருந்தது, பெயர் சொல்லாத புகாருக்கும் இடம் இருந்தது. செலவும் முதலில் வந்ததைவிடக் குறைவு. 2023ல் இன்னும் வலுவான கண்காணிப்புச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு வந்தபோது ஏறக்குறைய ஐந்தில் நான்கு வாக்குகள் ஆதரவு. 2024 அக்டோபரில் ஐந்து வருட ஒப்பந்தம் வந்தது, 21.8 கோடி டாலர். காவலர்களுக்கு நல்ல சம்பள உயர்வு கிடைத்தது. தண்டனையில் முடியாத புகார்களை மறைத்து வைத்திருந்த ரகசியக் கோப்பும் முடிவுக்கு வந்தது. சம்பளமும் பொறுப்பும் ஒன்றாக வர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆஸ்டினில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த இரவு எத்தனை பேர் போனோம்?

இதைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. நான் இருக்கிற நகரத்தில் மூன்று வருடத்துக்கு முன் ஒப்பந்தம் வந்தபோது நானும் போகவில்லை. வந்ததே தெரியாது. பிறகு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரு பூங்காவின் வேலி பழுது, இரண்டு மதுக்கடை உரிமம், அவற்றுக்கு நடுவில் காவலர் ஒப்பந்தம். விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றுகிற பட்டியலில் வைத்திருந்தார்கள். வீடியோவில் பார்த்தால் 40 விநாடி. ஒப்பந்தம் 90 பக்கத்துக்கு மேல்.

நமக்கு எதற்கு வம்பு என்று நம் வீட்டில் சொல்வார்கள். விசாவில் இருக்கிறோம், போலீஸ் விஷயத்தில் பெயர் அடிபட வேண்டாம் என்ற பயம் எனக்கும் இருந்தது. அது புரிந்துகொள்ளக்கூடிய பயம், அதை நான் லேசாகப் பேச மாட்டேன். வாக்குரிமை உள்ளவர்கள் முதலில் வாருங்கள். மற்றவர்கள் தங்கள் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் ஒன்று, பெரும்பாலான நகரங்களில் மன்றக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்கும்போது குடியுரிமை கேட்பதில்லை. பேசக் கூச்சமாக இருந்தால் எழுதி அனுப்பலாம், அதுவும் பதிவாகும்.

அப்புறம், நாம் பெரிய நகரத்தில் இல்லையே, புறநகரில்தானே இருக்கிறோம் என்றும் சிலர் சொல்வார்கள். இந்த நாட்டில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற அந்தச் சின்ன ஊருக்கும் தனிக் காவல் துறை இருக்கலாம், தனி ஒப்பந்தம் இருக்கலாம். மேடிசனும் சின்ன ஊர்தான். பணத்தைப் பற்றியே கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. காவலர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தால் யார் கொடுக்கிறார்கள் என்று சட்டப் பேராசிரியர் ஜோவானா ஷ்வார்ட்ஸ் 2014ல் ஆராய்ந்தார். கொடுக்கப்பட்ட தொகையில் 99.98 சதவீதம் அரசு அமைப்புகள் கொடுத்தது. அதாவது நாம். ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு மினியாபொலிஸ் கொடுத்தது 2.7 கோடி டாலர்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் நகரத்தின் காவலர் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் நகரத்தின் இணையதளத்தில் இருக்கும், இல்லையென்றால் பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கடைசிப் பக்கங்களில் அது முடிகிற தேதி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வருடம் முன்பே பேச்சு தொடங்கியிருக்கலாம். பிறகு ஒழுங்கு நடவடிக்கை என்ற பகுதியை மட்டும் படியுங்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் எத்தனை மணி நேர அவகாசம், புகாருக்குக் காலக்கெடு உண்டா, பழைய கோப்புகள் என்னவாகின்றன, நடுவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். நம்மில் மென்பொருள் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துக் குறை கண்டுபிடிக்கிறவர்கள் எத்தனை பேர்! இது அதைவிடச் சுலபம்.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களும் வந்து வணக்கம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த முறை மேடையிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடம் தனியாக உட்கார வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: அடுத்த காவலர் ஒப்பந்தத்தில் விசாரணை விதிகளைப் பேரத்திலிருந்து எடுப்பீர்களா? பதிலை எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். ஆம் என்றாலும் அனுப்புங்கள், மழுப்பினாலும் அனுப்புங்கள்.

என் நகரத்தின் ஒப்பந்தம் இந்த டிசம்பர் 31 அன்று முடிகிறது. மன்றத்தில் பேச ஒருவருக்கு இரண்டு நிமிடம். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜானவியைப் பற்றி அரை நிமிடம், 180 நாள் விதியைப் பற்றி ஒரு நிமிடம், மீதி அரை நிமிடம் கேள்வி. தெரு முனையில் இருக்கிற இரண்டு தமிழ்க் குடும்பங்கள் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறேன் என்கிறார். சங்கக் கூட்டம் என்றால் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்